மருத்துவர் ஜான் ஸ்கடர்

ஆரணி, தேவிகாபுரம் முதலிய ஊர்களில் பட்டுத்தறியால் வாழும் குடும்பங்களில் எவருக்கேனும் கடுநோய் கண்டு, அஃது உள்ளூர் மருத்துவத்துக்கு அடங்காமற் போனால், வேலூருக்குக் கொண்டு செல்லுங்கள் என்று பெரியோர் கூறுவது வழக்கம். வேலூர் என்று அவர்கள் சொல்லுவது அங்குள்ள கோட்டையை அன்று. கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த மருத்துவமனையையே ஆம். அதனை நிறுவியவர் ஐடா ஸ்கடர் என்னும் அம்மையார் என்பதைப் பலரும் அறிவர். ஆயின், அவ்வம்மையாரின் பாட்டனார் இருநூறு ஆண்டுகட்கு முன்னரே தம் மனைவியுடனும் கைக்குழந்தையுடனும் கடல் கடந்து தமிழ் வழங்கும் நிலத்துக்கு வந்தார் என்பதையும், அக்குடும்பம் இந்நிலத்தில் வேர் ஊன்றுமுன் எத்துணை இழப்புகளைத் தாங்கிற்று என்பதையும் அறிந்தோர் சிலரே. மாணவர்களே, அப்பாட்டனாரின் வரலாற்றையே இப்பாடத்தில் காணப்போகின்றோம்.

ஜான் ஸ்கடர் 1793 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 3 ஆம் நாள் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நியூ ஜெர்சி மாநிலத்தைச் சேர்ந்த பிரீஹோல்டு என்னும் ஊரில் பிறந்தார். பிரின்ஸ்டன் கல்லூரியில் பயின்று 1811 இல் பட்டம் பெற்றார். பின்னர் நியூயார்க்கில் மருத்துவக் கல்வி பயின்று, 1813 இல் அதனையும் முடித்தார். அம்மாநகரிலேயே மருத்துவத் தொழிலை மேற்கொண்டார். இளமையும் திறமையும் ஒருங்கே வாய்ந்தவராதலின் அவரை நாடி வந்தோர் பலர். 1816 இல் ஹாரியட் வாட்டர்பரி என்னும் நங்கையை மணந்தார். மகள் ஒருத்தியும் பிறந்தாள். மனை, மனைவி, மகவு, தொழில், வருவாய் ஆகிய எல்லாம் நிறைந்த வாழ்வு அது. அவ்வாழ்வை விட்டு நீங்குவதற்கு அவருக்கு யாதொரு தேவையும் இருந்ததில்லை.

ஒருநாள் அவர் நோயாளியாகிய ஓர் அம்மையாரைக் காணச் சென்றார். அவ்வீட்டில் காத்திருந்தபொழுது மேசைமேல் கிடந்த சிறு நூலொன்று அவர் கண்ணிற்பட்டது. பம்பாயில் தொண்டாற்றிய ஹால், நியூவெல் என்னும் இரு பாதிரிமார் எழுதியது அது. கிறித்தவ சமயத்தை அறியாத மக்கள் அறுபது கோடியர் உளர் என்பது அந்நூலின் பொருள். அதனைக் கையிலெடுத்துக்கொண்டு வீடு சென்ற ஸ்கடர், முன்போல அமைதியாக இருக்க இயலாதவரானார். தாம் கற்ற மருத்துவத்தை அம்மக்களுக்குப் பயன்படுத்துதலும், தம் சமயத்தை அவர்கட்கு எடுத்துரைத்தலும் தம் கடன் என்று துணிந்தார். மனைவியார் இசைந்தார்; தந்தையார் இசையவில்லை. மகனுடைய மனத்தை மாற்றத் தந்தையார் எவ்வளவோ முயன்றும் பயன் விளையவில்லை. இரு சாராரும் மனம் வேறுபட்ட நிலையிலேயே பயணம் தொடங்கிற்று.

1819 ஆம் ஆண்டு ஜூன் 8 ஆம் நாள் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து ஒரு பாய்க்கப்பல் புறப்பட்டது. இண்டஸ் என்பது அதன் பெயர். அஃது ஆங்கிலத்தில் சிந்து நதியைக் குறிக்கும் சொல். இந்தியாவுக்கு வரும் கப்பலுக்கு இந்திய ஆற்றின் பெயரே அமைந்தது ஒரு பொருத்தமே. அக்கப்பலில் ஸ்கடர் குடும்பத்தாருடன் வின்ஸ்லோ, ஸ்பால்டிங், உட்வர்டு என்னும் பாதிரிமார் மூவரும் அவர்தம் மனைவியரும் வந்தனர். நான்கு திங்கட்குமேல் கடலிலேயே கழித்து, அக்டோபரில் கல்கத்தாவை அடைந்தனர். கரையேறிய சின்னாட்களில் ஸ்கடரின் குழந்தை நோயுற்று இறந்தது. அறிந்தவர் எவருமில்லாத ஊரில் முதற்குழந்தையைப் புதைத்துவிட்டு, அப்பெற்றோர் மீண்டும் கப்பலேறினர். அவ்வாண்டு டிசம்பரில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தனர். இலங்கையில் அவர்கட்குப் பிறந்த மகவும் நிலைக்கவில்லை.

இவ்விடத்தில் நாம் சற்றே நின்று எண்ணுதல் வேண்டும். ஒருவர் நாடு விட்டு நாடு சென்று குடியேறினார் என்று நூல்களில் ஒரு வரியில் எழுதிவிடுகின்றோம். ஊர் திரும்ப எண்ணினால் அவர்கள் திரும்பியிருக்கலாம், தடுப்பார் எவருமில்லை. மருத்துவராயிருந்தும் தம் மக்களைக் காக்க இயலாமற் போன துயரம் அம்மருத்துவரை எவ்வாறு வாட்டியிருக்கும் என்பதை நாம் உய்த்துணரலாமேயன்றி எழுதிக்காட்ட இயலாது. அவர்கள் திரும்பவில்லை என்பது மட்டுமே வரலாறு நமக்குக் கூறுவது.

அமெரிக்க மிஷனார் 1816 ஆம் ஆண்டிலேயே யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பணி தொடங்கியிருந்தனர். போர்த்துக்கேயர் காலத்தில் எழுந்து, பின்னர்ப் பாழடைந்த பழைய கோயிற் கட்டிடங்களை ஆங்கில அரசு அவர்கட்கு விட்டுக்கொடுத்தது. சுவர்கள் நின்றன, கூரைகள் இல்லை. பனையோலை வேய்ந்து அவற்றைக் குடியிருப்பாக்கிக்கொண்டனர். ஸ்கடருக்கு அமைந்த ஊர் பண்டத்தரிப்பு. அவர் 1820 இல் அங்குக் குடியேறினார். அவ்வாண்டிலேயே சமயகுருவாகவும் பட்டம் பெற்றார். ஆதலின் அன்று முதல் அவர் மருத்துவரும் பாதிரியாரும் ஆனார். அமெரிக்க நாட்டினின்றும் வெளிநாட்டுக்கு வந்த மருத்துவ மிஷனரிமாருள் இவரே முதல்வர் என்று கூறுவர்.

குடியேறிய சில திங்களில் எதிர்பாராத இடையூறு ஒன்று நேர்ந்தது. இலங்கை ஆளுநராகப் பொறுப்பேற்ற எட்வர்டு பார்ன்ஸ் என்பவர் அமெரிக்க மிஷனரிமாரின் வரவை விரும்பாதவர். ஏற்கெனவே இருந்தோர் இருக்கலாம். புதியவர் எவரும் வரலாகாது என்று கட்டளையிட்டார். அச்சுத்தொழில் வல்ல கேரெட் என்பவர் 1820 இல் அமெரிக்காவிலிருந்து வந்திறங்கியும், தங்குவதற்கு இசைவு கிடைக்காமையால் இலங்கையை விட்டு நீங்க நேர்ந்தது. அச்சுப்பொறி வந்து சேர்ந்தது. அதனை இயக்க வல்லவர் தங்கக்கூடவில்லை! இத்தடை 1833 அளவிலேயே நீங்கிற்று. இடைப்பட்ட பதின்மூன்று ஆண்டுகளும் அச்சிறு கூட்டத்தாருக்குப் புதிய துணை கிடைக்கவில்லை. அக்கூட்டத்துள் மருத்துவம் ஓரளவு அறிந்த ரிச்சர்ட்ஸ் என்பவரும் 1822 இல் இறந்துபட்டார். அதன்பின் மிஷனாருக்கும் சுற்றியுள்ள ஊரார்க்கும் ஸ்கடர் ஒருவரே மருத்துவர்.

பண்டத்தரிப்பில் அவர் அமைத்த மருத்துவமனை பெரியதொன்றன்று. ஆயினும் நாளும் நோயாளர் வந்தவண்ணம் இருந்தனர். வாந்திபேதி ஊர்தோறும் பரவி மக்களை வாரிக்கொண்டு சென்ற காலம் அது. அந்நோய் நீரால் பரவும் என்பதை அக்காலத்தில் ஐரோப்பிய மருத்துவரும் அறியார். ஸ்கடர் தம்மிடமிருந்த மருந்துகளைக் கொண்டு இரவும் பகலும் நோயாளரைப் பார்த்தார். கண்ணிற் படலம் படர்ந்து பார்வை இழந்தோர்க்குக் கண் மருத்துவம் செய்தார். கெட்டுப்போன உறுப்புகளை அறுத்தும் உயிர் காத்தார். உணர்விழக்கச் செய்யும் ஈதர் என்னும் மருந்து 1846 இல்தான் அறுவை மருத்துவத்தில் பெயர்பெற்றது. அதற்கு முன் அறுவை என்பது நோயாளி முழு உணர்வுடன் இருக்கையிலேயே செய்யப்பட்டது. அறுப்பவர் கை விரைந்து இயங்குதல் வேண்டும். அறுக்கப்படுபவர் அவரை முற்றும் நம்புதல் வேண்டும். அயல்நாட்டார் ஒருவரைத் தமிழர் அவ்வாறு நம்பினர் என்பதே அவர் அம்மண்ணில் கால்கொண்டார் என்பதற்குச் சான்று. நம் நாட்டுச் சித்த மருத்துவர்கள் அக்காலத்தில் திறனற்றிருந்தனர் என்று இதனாற் கருதிவிடலாகாது. மருந்தால் தீரும் நோய்களுக்கு மக்கள் அவர்களையே நாடினர். கத்தியால் தீர வேண்டியவற்றுக்கு ஸ்கடரை நாடினர்.

மருத்துவத்தினும் அவருக்கு அரிதாயிருந்தது மொழியே. தமிழ் கற்பது அயல்நாட்டார்க்கு எளிதன்று. ழகரமும் ளகரமும் லகரமும் அவர்கள் நாவில் ஒன்றாகவே ஒலிக்கும். எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் இருவேறாக நிற்பதும் அவர்களைக் கலங்கச் செய்யும். ஆயினும் தமிழறிந்த உள்ளூர் ஆசிரியரை அமர்த்திக்கொண்டு முயன்று கற்றார். நோயாளி தன் நோவைச் சொல்லும் மொழி விளங்காதவன் மருத்துவனாதல் எங்ஙனம்? இவ்வுண்மையை அவருக்குப் பின்வந்த கிரீன் என்னும் அமெரிக்க மருத்துவர் இன்னும் தெளிவாக உணர்ந்தார். சாமுவேல் கிரீன் 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, மேலைநாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அறிவியலைத் தமிழிற் கற்பிக்க இயலுமா என்று இன்றும் ஐயுறுவோர்க்கு அவர் வரலாறு தக்க விடையாம். அப்பாதையில் முன் நடந்தவர் ஸ்கடர்.

இனி, அவர்தம் மனைவியாரைப் பற்றிக் கூறாவிடின் இவ்வரலாறு பாதியே ஆகும். ஹாரியட் அம்மையார் ஓலைக்கூரையின்கீழ் இல்லறம் நடத்தினார். தாயகத்துக்கு எழுதிய கடிதத்துக்கு மறுமொழி வருவதற்குள் ஏறத்தாழ ஓராண்டு கழிந்துவிடும். தாய் நலமா, தந்தை உள்ளாரா என்று அறிவதற்கும் அத்துணைக் காலம் காத்திருத்தல் வேண்டும். 1822 இல் ஹென்றி மார்ட்டின் என்னும் மகன் பிறந்தான், அவன் நிலைத்தான். அவனைத் தொடர்ந்து வில்லியம், ஜோசப், எசேக்கியேல், ஜாரட், சைலஸ், ஜான் என்போரும் பிறரும் பிறந்தனர். ஒவ்வொரு மகவின் பிறந்தநாளையும் அவர் விருந்துக்குரிய நாளாகக் கொள்ளாமல், அம்மகவுக்காக இறைவனை வேண்டும் நாளாகக் கொண்டார்.

அக்குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லிவந்த நிகழ்ச்சி ஒன்றுண்டு. ஸ்கடர் ஒருமுறை தொலைவிடம் சென்றிருந்தபொழுது காட்டுச்சுரம் கண்டு, பிழைப்பது அரிது என்னும் நிலையில் கிடந்தார். செய்தியறிந்த ஹாரியட் அம்மையார் சிறு மகன் ஒருவனுடன் கூடாரம் ஒன்றும் கொண்டு புறப்பட்டார். வழி, கொடுவிலங்குகள் உலவும் காட்டினூடே சென்றது. இருட்டிய அளவில், சுமந்து வந்த ஆட்கள் புலிக்கு அஞ்சி, அவரையும் பிள்ளையையும் கூடாரத்தில் விட்டு ஓடிவிட்டனர். அவ்வம்மையார் இரவு முழுதும் மகனுக்கு அருகில் முழந்தாளிட்டு இறைவனை வேண்டியபடியே இருந்தார். கூடாரத்துக்கு வெளியே விலங்குகள் நடமாடும் ஓசை கேட்டுக்கொண்டே இருந்தது. பொழுது புலர்ந்ததும் ஆட்கள் திரும்பினர், பயணமும் தொடர்ந்தது. சென்று கண்டபொழுது கணவர் நோயின் கடுமை தணிந்து தேறி வந்தார். ஓடிய ஆட்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. கூலிக்காக வந்தவர் புலிக்கு அஞ்சியதில் வியப்பில்லை. அஞ்சாமல் தங்கிய தாயே வியப்புக்குரியவர்.

புலியினும் கொடியதொரு துன்பம் அவருக்கு ஆண்டுகள்தோறும் காத்திருந்தது. அது மக்களைப் பிரிதல். அக்கால மிஷனரிக் குடும்பத்தார் தம் பிள்ளைகளைப் பத்து வயதளவில் கல்விக்காகத் தாயகத்துக்குக் கப்பலேற்றிவிடுவர். பிறகு அவர்களைக் காண்பது எந்நாளோ அறியார். இப்பிரிவில் ஒரு விந்தையும் உண்டு. பெற்றோர்க்குத் தாயகம் அமெரிக்கா. பிள்ளைகட்கோ அது கண்டறியாத அயல்நாடு. அவர்கள் பனைமரத்தடியில் விளையாடியவர்கள். பிறந்தது முதல் தம்மைச் சூழத் தமிழ் ஒலிக்கக் கேட்டவர்கள். ஹென்றி சிறுவனாகக் கப்பலேறியது தாயகத்துக்குத் திரும்புதற்கு அன்று, தாயகத்தைப் பிரிதற்கே என்று சொன்னால் மிகையாகாது.

இதற்கு மறுபுறமாக வேறொன்றும் கூறவேண்டும். மிஷனாரின் பள்ளிகளில் தங்கிப் பயின்ற தமிழ்ச் சிறுவர்க்கு, அவர்தம் செலவை ஏற்ற அமெரிக்கரின் பெயர்களை இடும் வழக்கம் இருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரான கறோல் விசுவநாதபிள்ளையின் முன்பெயர் அவ்வழக்கத்தின் சுவடே. பிள்ளைகளின் பெயரை மாற்றுவது முறையன்று என்பது என் கருத்து. மிஷனார் நம் சமயத்தையும் வழக்கங்களையும் பற்றி எழுதியவற்றுள்ளும் நடுநிலை பிறழ்ந்தவை உண்டு. அவர்கள் வந்த நோக்கம் சமயம் பரப்புதல் என்பதை அவர்களே மறைத்ததில்லை. அதனை ஏற்பார் ஏற்பர், மறுப்பார் மறுப்பர். செய்த மருத்துவத்தை மறுப்பார் இலர்.

பதினாறு ஆண்டுகள் யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய பின், 1836 இல் ஸ்கடரும் வின்ஸ்லோவும் சென்னைக்கு அனுப்பப்பெற்றனர். ஸ்கடர் சிந்தாதிரிப்பேட்டையில் தங்கினார். அங்கு மிஷனார் நிறுவிய அச்சகம் தமிழுக்கும் பயன்பட்டது. அதனை நடத்திய ஹண்ட் என்பவர் தமிழ் அச்செழுத்துகளைச் சிறிதாகவும் அழகாகவும் அமைத்தார். வின்ஸ்லோவின் தமிழ் ஆங்கில அகராதி 1862 இல் அங்கேயே அச்சாகி வெளிவந்தது. ஸ்கடரோ ஊர் ஊராகச் சென்று மருந்தும் நூல்களும் வழங்கி, சமயவுரை ஆற்றிவந்தார். ஓய்வின்றி உழைத்த உடல் தளர்ந்தது. 1842 இல் நலம் நாடித் தாயகம் சென்றார். அங்கும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. நகரந்தோறும் சென்று சிறுவர்களைத் திரட்டி, இந்நாட்டு நிலைமைகளை அவர்கட்கு எடுத்துரைத்தார். அவருரை கேட்ட சிறுவர் ஓரிலக்கத்துக்கும் மேற்பட்டவர் என்பர். இவருடைய மகன் ஹென்றி இதற்கிடையில் கல்வி முடித்துக் குருப்பட்டமும் பெற்று 1844 இல் தமிழ்நாட்டுக்குத் திரும்பிவிட்டார். வில்லியம் 1846 இல் இலங்கைக்கு வந்தார். கப்பலேற்றி அனுப்பிய பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திரும்பத் தொடங்கினர்.

அவர்கள் அனைவரும் திரும்பியதைக் காணும் பேறு தாயாருக்குக் கிட்டவில்லை. 1849 ஆம் ஆண்டு நவம்பரில் ஹாரியட் அம்மையார் சென்னையில் காலமானார். சமயகுருவாதற்குப் பயின்றுவந்த சாமுவேல் என்னும் மகனும் அவ்வாண்டிலேயே அமெரிக்காவில் இறந்தார். ஓராண்டில் இரு துயரம் உற்ற ஸ்கடர், பணியை மட்டும் விடவில்லை.

ஹென்றி வட ஆர்க்காட்டுப் பக்கம் வந்து மருந்தகம் ஒன்று நடத்தினார். சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று மருத்துவப் பட்டமும் பெற்றார். தமிழிற் சரளமாகப் பேச வல்ல அவர், தெலுங்கும் வடமொழியும் கற்றார். 1853 இல் அவரும் வில்லியமும் ஜோசப்பும் சேர்ந்து ஆர்க்காட்டு மிஷன் என்பதை நிறுவினர். ஆங்கிலக் கல்விச்சாலைகளைப் பெருக்குவதினும், நாட்டுப்புறங்கட்குச் சென்று மக்கள் மொழியிலேயே பேசுவது என்பது அவர்கள் கொண்ட முறை. பிறப்பிலேயே தமிழோடு பழகியவர்கள் வேறெம்முறையைக் கொள்வர்? நம் ஆரணியும் அம்மிஷனின் நிலையங்களுள் ஒன்றாயிற்று. ஸ்கடரின் மைந்தர் எழுவரும் ஒருவர்பின் ஒருவராக இந்நாட்டில் தொண்டாற்ற வந்தனர்.

தந்தையார் அத்துணையும் கண்டு நிறைவுற வாழ்ந்தாரல்லர். உடல் நலிந்தமையால் மருத்துவர் சொற்படி தென்னாப்பிரிக்காவுக்குச் சென்றார். அங்கு, நன்னம்பிக்கை முனையை அடுத்த வின்பர்க் என்னும் ஊரில் 1855 ஆம் ஆண்டு ஜனவரி 13 ஆம் நாள் உறக்கத்திலேயே அவர் உயிர் நீங்கிற்று. பிறந்தது அமெரிக்கா, வாழ்ந்தது தமிழ் நிலம், மறைந்தது ஆப்பிரிக்கா.

அவர் மறைந்த பதினோராண்டுகட்குப் பின், 1866 இல், மைந்தர் சைலஸ் இராணிப்பேட்டையில் மருத்துவமனை ஒன்றைத் திறந்தார். 1835 இல் யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரியிற் பிறந்த கடைசி மைந்தர் ஜானும் மருத்துவம் பயின்று இப்பகுதிக்கே வந்தார். 1877 ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சத்தில் இவரும் இவர் மனைவியாரும் பசித்தோர்க்கு உணவளித்தனர். ஆறு வயதே நிரம்பியிருந்த அவர்தம் மகள், தன்னையொத்த குழந்தைகளின் வாயில் சிறு சிறு துண்டுகளாக ரொட்டியை ஊட்டினாள். 1870 ஆம் ஆண்டு டிசம்பர் 9 ஆம் நாள் இராணிப்பேட்டையிற் பிறந்த அச்சிறுமியே ஐடா. 1900 இல் ஒரு கட்டிலோடு வேலூரில் மருத்துவம் தொடங்கியவரும், 1918 இல் அங்குப் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி திறந்தவரும் அவரே. நான்கு தலைமுறைகளில் அக்குடும்பத்தார் நாற்பதின்மருக்கு மேற்பட்டோர் இந்நாட்டிற் பணி செய்தனர். அவர்களுள் பலருக்குப் பிறந்த ஊரும் இந்நாட்டிலேயே அமைந்தது.